சாவி கொடுக்கும் ஜன்னல்

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

நான் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடிவிட்டதாக நம் அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்களாம். இங்கே என் தங்கை வீட்டுக்கு ஃபோன் செய்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் விசாரித்தார்கள். நான் ஓடவில்லை. எழுபத்து மூன்று வயதில், முழங்காலுக்குள் உலோகத்தை வைத்துக்கொண்டு யாரும் ஓடுவதில்லை. ரயிலில் கீழ்ப் படுக்கையாகப் பார்த்து முன்பதிவு செய்து, பால்காரரிடம் சொல்லிவிட்டு, சமையலறைக் குழாயை இறுக்கி மூடிவிட்டுத்தான் கிளம்பினேன். உன்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை என்பது மட்டும் உண்மை.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். கம்ப்யூட்டர் என்றாலே எனக்கு ஆகாது என்கிறார்களாம். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தப் புதிய மென்பொருளை வாங்கிய காசோலையில் உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. குழந்தைகள் மருத்துவமனை லிஃப்டின் கம்பிவடம் தேய்ந்துவிட்டது என்று நம் ஆட்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே அதுதான் சொன்னது. அன்று நீ எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாய். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாமெல்லாம் ஒட்டகம் என்று கூப்பிட்ட நம் லிஃப்ட் மெக்கானிக்கின் சாவைப் பற்றி விசாரணை அதிகாரிக்கு நாம் கொடுக்க வேண்டிய அறிக்கையைக் கையெழுத்துக்காக அனுப்பியிருக்கிறாய். இரண்டு முறை படித்தேன். கான்வென்ட்டில் படித்தவள், ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். ஒன்றும் படவில்லை. அவன் எத்தனை வருடம் நம்மிடம் வேலை பார்த்தான், என்ன பயிற்சி எடுத்தான், எத்தனை லிஃப்டுகளைப் பழுது பார்த்தான், எல்லாம் இருக்கிறது. லிஃப்ட் கூண்டின் மேல் ஏறியவன் முதலில் சிவப்பு சுவிட்சை அழுத்தி அதை நிறுத்த வேண்டும். அவன் அழுத்தவில்லை. கீழே யாரோ பொத்தானை அமுக்கினார்கள், கூண்டு மேலே போயிற்று. இதெல்லாம் நடந்ததுதான். கடைசியில் "காரணம்: பணியாளரின் கவனக்குறைவு" என்று இருக்கிறது.

இருபது வருடம் ஒருநாள்கூட அந்த சுவிட்சை மறக்காதவன் அன்று மட்டும் ஏன் மறந்தான்? அதற்கு ஒரு வரி இல்லை.

இந்தக் கம்பெனியை உன் மாமனார் ஒரு சைக்கிளையும் ஒரு ஸ்பேனர் பையையும் வைத்துத் தொடங்கினார். என் மகனுக்கு லிஃப்டில் ஏறவே பயம். அதனால் உன் கையில் கொடுத்தேன். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குக் கீழே என் கையெழுத்து வராது. அடக்கம் முடிந்த பிறகு அவன் மனைவியைப் போய்ப் பார்த்தாயா? அதையும் எழுது.

உன் அத்தை


மார்ச் 8

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

தங்களின் கடிதம் கிடைக்கப்பெற்றேன். தங்கள் உணர்வுகளை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். இந்தக் கடினமான தருணத்தில் நாம் அனைவரும் ஒருவருக்கொருவர் துணையாக நிற்பது மிகவும் முக்கியமானது.

நமது மதிப்புமிக்க பணியாளரின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது. அதே வேளையில், அறிக்கை முழுவதும் சரிபார்க்கப்பட்ட தரவுகளின் அடிப்படையில் தயாரிக்கப்பட்டுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். பணியாளர்களின் நலனும் பாதுகாப்பும் எப்போதும் நமது முதன்மையான அக்கறையாக இருந்துவருகின்றன. அவரது குடும்பத்தினருக்கு நிறுவனத்தின் சார்பில் இரங்கல் மடல் அனுப்பப்பட்டுள்ளது.

இம்மாத இறுதிக்குள் அறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டியிருப்பதால், தங்கள் மேலான ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
தங்கள் மருமகள்


மார்ச் 11

மருமகளுக்கு,

உன் கடிதத்தை இதனுடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது எனக்கு வந்த கடிதம் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம்.

என் கண்ணாடி உடைந்திருந்ததால் தங்கையை வாசிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டு, "அது சரிக்கா, செத்தது யாரு?" என்று கேட்டாள். என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

இந்த ஆறு வருடத்தில் என் உணர்வுகளைப் புரிந்துகொண்டதாக நீ ஒருநாளும் சொன்னதில்லை. "அத்தை, சுத்தி வளைக்காதீங்க, என்ன வேணும்னு நேரா சொல்லுங்க" என்பாய். முகத்துக்கு நேரே பேசுகிறவள் என்பதால்தான் பெற்ற மகனை விட்டுவிட்டு உன்னிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தேன். அந்த இரங்கல் மடலையும் இதே ஆள்தான் எழுதியதா? ஒட்டகத்தின் மனைவி அதை என்ன செய்திருப்பாள்?

சாவி என்றதும் நினைவு வருகிறது. மென்பொருள் வருவதற்கு முன் நம் அலுவலகத்தில் சாவி கொடுக்கும் ஜன்னல் எப்படி நடந்தது என்பதை நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. காலையில் ஆட்கள் எல்லோரும் அலுவலகத்துக்கு வந்து, அன்றைக்குப் போக வேண்டிய கட்டடத்தின் மோட்டார் அறைச் சாவியை ஜன்னலில் என் கையிலிருந்துதான் வாங்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒரு வார்த்தை பேசுவேன். பேச்சு முக்கியமில்லை. சாவியை நீட்டும்போது அவன் கை என் பக்கம் வரும். அந்தக் கையைப் பார்ப்பேன். நடுங்குகிறதா, வேர்த்திருக்கிறதா, ஒரே பிடியில் வாங்குகிறானா, தடவி வாங்குகிறானா என்று பார்ப்பேன். சரியில்லை என்று பட்டால், "உன் சாவி இன்னும் வரலப்பா, உக்காரு" என்பேன். சாவி எனக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அவனுக்கும் தெரியும், வரிசையில் நிற்கிறவர்களுக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து தூங்குவான், அல்லது கிடங்கில் நட்டு போல்ட் எண்ணுவான். முடியவில்லை என்று எந்த ஆண்பிள்ளையும் சக ஆட்களின் முன்னால் சொல்ல மாட்டான். அதற்காகத்தான் அந்தப் பொய்.

ஒட்டகமும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவன்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், கால் நடைபாதை வரை நீளும். யாராவது தடுக்கினால் என்னிடம், "ஒட்டகம் படுத்திருக்குன்னு போர்டு வைங்கம்மா" என்பான்.

ஒன்று கேட்கிறேன். சாவு வீட்டில் அவன் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இருட்டு பிரியறதுக்குள்ள கிளம்பிட்டாரும்மா, டீகூடக் குடிக்கல" என்றாள். அன்று அவன் வேலை பார்த்த கட்டடம் அவன் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். உன் அறிக்கையில் அவனுடைய நாள் ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது. நடுவில் அவன் எங்கே இருந்தான்? அறிக்கைக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

இதற்கு நீயே பதில் எழுது.

அத்தை


மார்ச் 16

அத்தை,

பேனா பிடித்து ஒரு பக்கம் எழுதி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எழுத்து கோணலாக இருக்கும். சிவப்பு மையை எடுக்காதீர்கள்.

ஆமாம், போன கடிதத்தை நான் எழுதவில்லை. நான்கு வரி குறிப்பு கொடுத்தேன், நம் மென்பொருள் எழுதிக் கொடுத்தது, அனுப்பிவிட்டேன். இரங்கல் மடலும் அப்படித்தான். அன்று நானே எழுத உட்கார்ந்திருந்தால் ஒரு வரிக்கு மேல் போயிருக்காது. உங்களுக்கு அது குற்றமாகத் தெரிகிறது. எனக்கு அன்று கை கொடுத்தது அது ஒன்றுதான்.

உங்கள் ஜன்னலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நீங்கள் எழுதாததை நான் எழுதுகிறேன். சாவி "வராமல்" போனது எப்போதும் உங்களுக்குப் பழகிய முகங்களுக்குத்தான். புதிதாகச் சேர்ந்த வெல்டர் ஒருவர் காய்ச்சலோடு ஒரு வாரம் வரிசையில் நின்றார். உங்களிடம் நிமிர்ந்து பேசவே அவருக்குப் பயம். ஒவ்வொரு நாளும் சாவியைக் கொடுத்து அனுப்பினீர்கள். வேலையை விட்டுப் போகும்போது அவர் என்னிடம் சொன்னார், "பெரியம்மா கண்ணுக்குத் தெரிஞ்சவங்களுக்குத்தான் மேடம் இங்க உடம்பு சரியில்லாமப் போகும்." அதைக் கேட்ட பிறகுதான் இந்த மென்பொருளைத் தேட ஆரம்பித்தேன். யாருடைய முகத்தையும் பார்க்காமல் வேலையைப் பிரிக்கிற ஒன்று வேண்டும் என்று நினைத்தேன். சாவிகளும் அந்தந்தக் கட்டடத்திலேயே எண் போட்டுத் திறக்கும் பெட்டிக்குப் போயின. ஆட்கள் வீட்டிலிருந்தே நேராக வேலைக்குப் போனார்கள், வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் எனக்கு நன்றி சொன்னார்கள் அத்தை. ஃபோனில் வேலை சொல்லும் அந்தக் குரலுக்குக் "குட்டி மேடம்" என்று ஆட்களே பெயர் வைத்தார்கள். "மேடம் திட்டுவாங்க, குட்டி மேடம் திட்டாது" என்று என் காதுபடவே சொல்வார்கள்.

அது நியாயமாகத்தான் பிரித்தது. அவசர அழைப்பு வந்தால் பக்கத்தில் இருக்கிறவர், சீக்கிரம் முடிக்கிறவர், இவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். ஒட்டகம் எப்போதும் சீக்கிரம் முடிப்பார். அதனால் இரவு அழைப்புகள் எல்லாம் அவருக்கே போயின. வேண்டாம் என்று அழுத்தலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டும். உடம்பு சரியில்லை, வண்டி பழுது, வீட்டில் விசேஷம், மற்றவை. "மற்றவை"யை அழுத்தினால் ஃபோனில் வரும் தரவரிசைப் பலகையில் பெயர் கீழே இறங்கும். அவர் ஒரு தடவைகூட எதையும் அழுத்தவில்லை. அந்த வாரம் பலகையில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தெரியும். அன்று காலை அவர் ஆபீஸுக்கு வந்தார்.

வர வேண்டிய வேலையே இல்லை. நான் மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கட்டட உரிமையாளரோடு ஃபோனில் இருந்தேன். கீழே மூடிக் கிடக்கிற உங்கள் ஜன்னலுக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. ஜன்னல் பலகையை ஒரு தடவை தட்டினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முதலிடம் வந்ததைச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே விரலை உயர்த்தினார். கொஞ்ச நேரம் நின்றார். போய்விட்டார்.

அவர் ஃபோனில் எதையும் அழுத்தவில்லை. அதனால் அவர் வந்தது எந்தக் கணக்கிலும் இல்லை. அறிக்கை எழுதச் சொன்னபோது நானும் அதைச் சொல்லவில்லை. குட்டி மேடம் பொய் சொல்லவில்லை அத்தை. அதனிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவர் கை நடுங்கியதா என்று கேட்டுவிடாதீர்கள். மாடியிலிருந்து கை தெரியாது.


மார்ச் 19

மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. அந்த வெல்டரைப் பற்றி நீ எழுதியது சரி. அவர் முகம்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மற்றதற்கு இன்று பதில் எழுத என்னால் ஆகாது. காலையிலிருந்து மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

ஒட்டகத்தின் மனைவியைப் போய்ப் பார். யாரையும் கூட்டிக்கொண்டு போகாதே. பூவும் பழமும் கூடையில் கட்டிக்கொண்டு போகாதே. ஃபோனை வீட்டில் வைத்துவிட்டுப் போ.

அத்தை


மார்ச் 23

அத்தை,

போனேன். மூன்றாவது மாடி. ஊரில் பாதி லிஃப்டைப் பழுது பார்த்தவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினேன். திரும்பிவிடலாமா என்றும் யோசித்தேன்.

அவர் மனைவி கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "வாங்க மேடம்" என்று சொல்லி, நாற்காலியில் இருந்த துணியை எடுத்து உட்காரச் சொன்னார். எடுத்தது ஒட்டகத்தின் யூனிஃபார்ம்கள். துவைத்து இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தார்.

"கம்பெனி துணி மேடம். நாலு செட் இருக்கு. அஞ்சாவது... அது அன்னிக்குப் போட்டிருந்தது."

நான் வேண்டாம் என்றேன். "இங்க வச்சு நான் என்ன பண்ணட்டும்? யாருக்கும் அளவு சரியா வராது, கை மட்டுமே ஒரு முழம் நீளம்" என்றார். சிரித்த மாதிரி இருந்தது. நம் இரங்கல் மடல் அலமாரியின் மேல் உறை பிரிக்காமல் கிடந்தது.

அவர்தான் பேசினார். விபத்துக்கு முந்தின இரவு இரண்டு பேருக்கும் சண்டையாம். அந்த வாரம் முழுக்க ஒட்டகம் சரியாகத் தூங்கவில்லையாம். டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் தளும்பிற்றாம். 

"நான்தான் கத்தினேன் மேடம். நேரா ஆபீஸுக்குப் போ, இன்னிக்கு முடியலன்னு சொல்லு, சொல்லாம வீட்டுக்கு வராதேன்னு. சரி, போய்ட்டுத்தான் வேலைக்குப் போவேன்னாரு."

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"வந்தாரா மேடம்?"

நான், "எனக்குத் தெரியலையே. கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அத்தை, அப்படித்தான் சொன்னேன். வாயிலிருந்து அதுதான் வந்தது.

அவர் தலையை ஆட்டினார். "வந்திருக்க மாட்டாரு. வந்திருந்தா நீங்க விட்டிருப்பீங்களா? என்னைச் சமாளிக்கிறதுக்காகச் சரின்னு தலையாட்டிட்டுப் போயிட்டாரு. கடைசியா என்கிட்ட பேசினதே பொய்." பிறகு, "குட்டி மேடம்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க. அதுக்குத் தெரியாதது ஒண்ணுமில்லன்னு சொல்வாரு" என்றார்.

நான்கு செட் யூனிஃபார்மும் என் கார் பின்சீட்டில் இருக்கின்றன. எடுத்து உள்ளே வைக்கக் கை வரவில்லை.

அறிக்கை இந்த மாதக் கடைசிக்குள் போக வேண்டும். அவர் வந்ததை எழுதினால், பார்த்தும் அனுப்பிவிட்டார்கள் என்று ஆகும். நம் உரிமத்தை நிறுத்திவைக்கலாம் என்று வக்கீல் சொல்கிறார். மற்ற ஆட்களின் வேலையும் போகும். அவர்களுக்கும் வீடு இருக்கிறது. அதனால் கேட்கிறேன், அறிக்கையைத் திரும்ப இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். மற்றதை நான் எப்படியாவது சுமந்துகொள்கிறேன்.


மார்ச் 26

மருமகளுக்கு,

அறிக்கையைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன்.

நீ சுமந்துகொள்வதாக எழுதியிருக்கிறாய். நீ சுமக்கவில்லை. அவன் மனைவிதான் சுமக்கிறாள். புருஷன் கடைசியாகத் தன்னிடம் பொய் சொல்லிவிட்டுப் போனான் என்று நம்பிக்கொண்டு அந்த மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் பொய் சொல்லவில்லை. அவள் சொன்னபடியே வந்தான், தட்டினான், நின்றான். அது தெரிந்தவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். இப்போது நானும்.

அவன் எதற்காக அந்த ஜன்னலுக்கு வந்தான் என்று உனக்கும் தெரிந்திருக்கும். வாய் திறந்து கேட்க அவனால் முடியாது. சாவி இன்னும் வரவில்லை என்று யாராவது சொல்லட்டும் என்று வந்தான்.

நான் உன்னைக் கொலைகாரி என்று சொல்லவில்லை. அந்த மென்பொருளையும் சொல்லவில்லை. அதற்குக் கண் இல்லை என்பது வாங்கும்போதே நமக்குத் தெரியும். உனக்குக் கண் இருந்தது. மாடியில் இருந்தது. முகம் பார்த்துச் சாவி கொடுத்தால் அநியாயம் நடக்கிறது என்று நீ எழுதியது எனக்குச் சுட்டது. அது நிஜம் என்பதால் சுட்டது. ஆனால் அதற்காக எல்லோர் முகத்தையும் பார்க்காமல் விட்டுவிடுவதா? வேலையை அது பிரிக்கட்டும். தேய்ந்த கம்பிவடத்தை அது கண்டுபிடிக்கட்டும். எனக்குப் பிடித்தவன், பிடிக்காதவன் என்று அது பார்க்காது, நல்லதுதான். ஆனால் அது பிரித்த வேலைக்கு ஆள் போகிறானா, வெறும் உடம்பு போகிறதா என்று காலையில் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். என் முழங்காலுக்கு இனி அந்த ஜன்னலோர முக்காலி ஒத்துவராது. வெல்டரைக் கண்டுகொள்ளாத கண்ணும் எனக்கு வேண்டாம். நீ உட்கார வேண்டும்.

அறிக்கையில் சுவிட்சைப் பற்றிய வரிகள் இருக்கட்டும். அவன் அதை அழுத்தவில்லை, அது உண்மை. அதற்கு முன்னால் ஒரு பக்கம் சேர். இரவு அழைப்புகள், நீ எனக்கு எழுதிய ஜன்னல், கண்ணாடி, கட்டைவிரல், எல்லாவற்றையும் எனக்கு எழுதின மாதிரியே எழுது. அந்தப் பக்கத்தை யாரிடமும், எதனிடமும் கொடுத்துத் திருத்தி வாங்காதே. அது வந்தால் அதன் அடியில் என் கையெழுத்து விழும். கம்பெனியின் உரிமம் போனால் அதுவும் என் பெயரோடு சேர்ந்துதான் போகும். உன் மாமனார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அவர் ஒருவேளை உன் பக்கம் நின்றிருப்பார். இருந்தும் நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

மற்ற ஆட்களின் வீடுகளைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நேற்றிலிருந்து தூங்கவில்லை. நீ பயப்படுவதில் தவறில்லை. ஆனால் அவர்களும் ஒருநாள் மூடிய ஜன்னலைத் தட்டுவார்கள்.

அவன் மனைவியிடம் நானே போய்ச் சொல்லிவிடலாம். ஒரு ரயில் டிக்கெட்தான். போக மாட்டேன். அவள் கேட்டது உன்னிடம். கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னவள் நீ. யூனிஃபார்மைக் காரிலிருந்து இறக்குவதற்கு முன் இன்னொரு முறை அந்த மாடிப்படி ஏறு. அவர் வந்தார் என்று சொல். நீ பார்த்ததையும் சொல். அவள் உன்னை வெளியே போகச் சொல்லலாம், கதவைச் சாத்தலாம், அதற்குமேல் எதையும் செய்யலாம். நின்று வாங்கிக்கொள்.

ஃபோன் செய்யாதே, எடுக்க மாட்டேன். அவளிடம் சொல்லிவிட்டாயா, இல்லையா என்பதை உன் கையால் எழுதித் தபாலில் அனுப்பு.

அத்தை